மூன்று பக்கம் புரட்டிப் பார்த்துவிட்டு வாங்கு

டாலஸ் பக்கத்திலிருந்து,
ஞாயிறு மாலை

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் ஏதாவது ஒன்று வந்துவிடுகிறது. மாமியார் ஊரிலிருந்து வந்திருக்கிறார், ஆறு மாதம் இருப்பார். வந்த மறுநாளே, "பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாம வீட்டுலயே வச்சிருக்கியே, உங்க அம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்று பொய் சொன்னேன். உன் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து கட்டு பிரித்தாயிற்றா? பேப்பர் படிக்க முடியாமல் தவித்துப்போயிருப்பார்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். பையனை ஏழாம் வகுப்பிலிருந்து வீட்டிலேயே படிக்கவைக்கப் போகிறாய், வீட்டில் ஒரே சம்பளம், மதம் கலக்காத புத்தகம் வேண்டும். கடைசியில் ஒரு குத்தலும்: "வெள்ளி தவறாமல் விளக்கேற்றுகிறவள் நீ, உனக்கெதற்கடி செக்யுலர்?"

நம் பத்தாம் வகுப்பு உயிரியல் டீச்சரை நினைத்துப் பார். நெற்றி நிறையத் திருநீறு. கார்த்திகை சோமவாரம் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். அந்த அம்மாதான் கரும்பலகையில் குரங்கின் கை, வௌவாலின் சிறகு, திமிங்கிலத்தின் துடுப்பு மூன்றையும் வரைந்து, எலும்புகளை எண்ணச் சொன்னார். சாமி அறை தனி, சோதனைக்கூடம் தனி என்று அவர் ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆனால் நமக்குப் புரிந்திருந்தது. என் பெண்ணுக்கும் அது போதும் என்று நினைத்துத்தான் இதில் இறங்கினேன். அது இந்த ஊரில் எவ்வளவு கஷ்டம் என்று அப்போது தெரியாது.

முதல் வருஷம் ஒரு சர்ச் மண்டபத்தில் பழைய பாடப்புத்தக விற்பனை என்று போனேன். ஏழாம் வகுப்புக்கு ஒரு முழு செட், அறுபது டாலர். கெட்டி அட்டை, அழகழகாகச் செல் படங்கள். அடித்தது யோகம் என்று தூக்கிக்கொண்டு வந்தேன். இரண்டாவது வாரம் பெண் புத்தகத்தோடு அடுப்படிக்கு வந்தாள். "அம்மா, கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கு, பைபிள்ல வர்ற நோவா காலத்து வெள்ளத்துல ஒரே வருஷத்துல உண்டாச்சாம். நாம போனப்ப ரேஞ்சர், ஆறு அறுக்கவே அம்பது அறுபது லட்சம் வருஷம் ஆச்சுன்னாரே?" அடியில் கிடக்கும் பாறைக்கு சுமார் 180 கோடி வயது என்று அவர் சொன்னதையும் நினைவில் வைத்திருந்தாள். தாளிதம் கருகிப்போனது.

அந்தப் புத்தகமாவது தன் கட்சி இன்னது என்று வெளிப்படையாகச் சொன்னது. அடுத்து வாங்கினது அதைவிட மோசம். விளம்பரத்தில் "நியூட்ரல்" என்று போட்டிருந்தது. மதச்சார்பற்றது என்றுதானே நானும் நீயும் அர்த்தம் எடுத்துக்கொள்வோம்? வீட்டுக் கல்விப் புத்தக வியாபாரத்தில் அதற்கு வேறு அர்த்தம். பைபிள் வசனமும் இருக்காது, பரிணாமமும் இருக்காது, பூமியின் வயதும் இருக்காது. இரண்டு பக்கத்து வாடிக்கையாளரும் முகம் சுளிக்கக் கூடாது, அவ்வளவுதான். பின்னால் சொல்லடைவைப் பார்த்தேன். எவாப்பரேஷனுக்கு அடுத்து எவலூஷன், அதாவது பரிணாமம், வர வேண்டிய இடத்தில் எக்ஸோஸ்கெலிட்டன் உட்கார்ந்திருந்தது. புதுப் புத்தகம், முழு விலை.

அதனால் அட்டையில் என்ன போட்டிருந்தாலும் நம்பாதே. மூன்று இடத்தைப் புரட்டிப் பார்: சொல்லடைவில் எவலூஷன் இருக்கிறதா, பூமியின் வயது 450 கோடி ஆண்டு என்று எங்காவது எண்ணாகப் போட்டிருக்கிறதா, டைனோசரும் மனிதனும் ஒரே காலத்தில் நடமாடுகிறார்களா. ஐந்து நிமிஷ வேலை.

இங்கே மட்டும்தான் இந்தக் கூத்து என்று எண்ணிவிடாதே. 2023-ல் மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்.சி.இ.ஆர்.டி., பத்தாம் வகுப்பு அறிவியலிலிருந்து பரிணாமத்தை எடுத்துவிட்டது பெரிய செய்தியானதே. பாடச்சுமையைக் குறைக்கிறோம் என்றார்கள். நம் தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் உயிரின் தோற்றமும் பரிணாமமும் தனிப் பாடமாகவே இருக்கிறது. ஆங்கில வழிப் புத்தகத்தின் பி.டி.எஃப். காசில்லாமல் கிடைக்கிறது. நான் இறக்கி வைத்திருக்கிறேன். கூடவே ஆறாம் வகுப்புத் தமிழும். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள், பரவாயில்லை.

உங்கள் ஜார்ஜியா மாநிலச் சட்டம் எங்கள் டெக்சாஸ் சட்டத்தைவிடக் கறார். மாநிலக் கல்வித் துறைக்கு வருஷாவருஷம் அறிவிப்புப் படிவம் அனுப்ப வேண்டும், வருஷத்துக்கு 180 நாள், ஒரு நாளைக்கு நாலரை மணி நேரம் பாடம், மூன்று வருஷத்துக்கு ஒரு முறை தேர்வு. பாடப் பட்டியலில் அறிவியலும் உண்டு. டெக்சாஸில் வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணக்கு, நல்ல குடிமைப் பண்பு, இவ்வளவுதான். அறிவியல் பட்டியலிலேயே இல்லை! பள்ளியிலிருந்து எடுக்கிறோம் என்று ஒரு கடிதம் கொடுத்தால் முடிந்தது. சோம்பேறிக்கு வசதி, எனக்குப் பயம்.

காசு விஷயம். எல்லாப் பாடமும் அடங்கிய பெட்டி என்று விற்பார்கள், அதைத் தொடாதே. ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒரே வகுப்பில் நிற்பதில்லை. என்னுடையவள் வாசிப்பில் ஒன்பதாவது, பின்னத்தில் ஐந்தாவது. பெட்டி வாங்கினால் பாதி புத்தகம் அலமாரியில் தூங்கும். புத்தகம் என்று நான் கணக்குக்கு மட்டும்தான் காசு கொடுக்கிறேன். சிங்கப்பூர் முறையிலான டைமென்ஷன்ஸ் மேத். பாடப்புத்தகத்தை இரண்டாம் கையாக வாங்கலாம், அதில் எழுத விடாமல் வைத்திருந்தால் திருப்பி விற்கலாம். ஒர்க்புக் மட்டும் புதிது. உன் பையனுக்குக் கணக்கில் பசி இருந்தால் ஆர்ட் ஆஃப் பிராப்ளம் சால்விங் நிறுவனத்தின் பிரீஆல்ஜீப்ரா புத்தகத்தைப் பார், ஆனால் கடினம். அவர்களுடைய அல்குமஸ் பயிற்சி இணையத்தில் இலவசம். இலவசக் காணொளிப் பாடம் தரும் கான் அகாடமி உனக்கே தெரியும். இல்லஸ்ட்ரேட்டிவ் மேதமேடிக்ஸ் என்ற கணக்குப் பாடத்திட்டமும் இலவசம்தான், நன்றாகவும் இருக்கிறது. ஆனால் முப்பது பிள்ளைகள் கூடிப் பேசும் வகுப்பறைக்காக எழுதியது. "பக்கத்தில் இருப்பவரோடு விவாதி" என்று வரும்போதெல்லாம் என் பெண் மாமியாரைத் திரும்பிப் பார்க்கிறாள்.

அறிவியலுக்குக் காசே வேண்டாம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் சி.கே.-12 பாடப்புத்தகங்களை முதுகெலும்பாக வை. மின்சாரம், விசை எல்லாம் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் என்ற கணினிச் செயல்விளக்கங்களில் கையால் இழுத்துப் பார்த்தால் விளங்கிவிடும். பரிணாமத்துக்கு பெர்க்லி பல்கலைக்கழகம் தனியாக ஒரு தளமே வைத்திருக்கிறது, அதைவிடத் தெளிவாக எழுதிய பாடப்புத்தகத்தை நான் பார்க்கவில்லை. ஓபன்சைஎட் பாடங்களும் இலவசம், ஆனால் ஒவ்வொன்றுக்கும் வகுப்பு நிறையப் பொருள் கேட்கும், பொறுக்கி எடுத்துக்கொள்.

அமிலம், காரம் வந்தபோது சோதனைப் பெட்டி வாங்கப் பார்த்தேன், நாற்பது டாலர். மாமியார்தான், "எதுக்கு, ஆரத்தி கரைக்கிறப்ப மஞ்சத்தண்ணி ஏன் செவப்பாகுது?" என்றார். சுண்ணாம்பு காரம், மஞ்சள் அதைக் காட்டிக்கொடுக்கிறது! அன்று சோப்பு, சோடா உப்பு, புளித்தண்ணீர், எலுமிச்சை எல்லாவற்றையும் மஞ்சளில் விட்டுப் பார்த்துக் குறித்துக்கொண்டோம். என் கல்யாணத்துக்கு எத்தனை ஆரத்தி எடுத்தார்கள், ஒருத்திக்காவது தோன்றியதா?

வரலாறு கொஞ்சம் யோசித்து எடு. செக்யுலர் என்றால் மதத்தை விட்டுவிடுவது இல்லையே. கோர் நாலெட்ஜ் புத்தகங்கள் இலவசம், மதங்களையும் வரலாறாகச் சொல்கின்றன. ஸ்டான்ஃபோர்டில் தொடங்கி இப்போது டிஜிட்டல் இன்குவரி குரூப் என்ற பெயரில் இருப்பவர்கள், ஒரே சம்பவத்துக்கு ஒன்றோடொன்று முரண்படும் இரண்டு ஆவணங்களைக் கொடுத்து, யாரை நம்புவாய் என்று கேட்கிறார்கள். பன்னிரண்டு வயதுக்கு அதுதான் பிடிக்கிறது, எதிர்த்துப் பேசலாமே. வாசிப்புக்கு நூலகம், நூலகப் புத்தகத்தைக் கைபேசியிலேயே இரவல் தரும் லிபி செயலி, வாசிப்புப் பகுதிகள் தரும் காமன்லிட் தளம்.

இலவசம் என்று எல்லாவற்றையும் அச்சடிக்காதே. எங்கள் நூலகத்தில் பக்கத்துக்குப் பத்து சென்ட், முதல் வருஷம் அதிலேயே நூறு டாலர் போனது. பழைய லேசர் பிரிண்டர் ஒன்று வாங்கிவிடு. போன வருஷம் எனக்கு மொத்தம் 310 டாலர் ஆனது, அதில் பாதிக்கு மேல் கணக்கு.

காசால் தீராதது ஒன்று உண்டு: கூட்டு. வாரம் ஒரு நாள் பிள்ளைகள் சேர்ந்து படிக்கும் குழு பக்கத்திலேயே இருந்தது. சேரப் போனால், விசுவாச அறிக்கை என்று, கிறிஸ்தவ நம்பிக்கையை ஏற்கிறேன் என்று சொல்லும் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார்கள். அந்தப் பெண் நல்லவள்தான், சங்கடப்பட்டாள். நானும் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தேன். வீடு வரும்வரை பெண் பேசவில்லை. பிறகு நூலகத்தில் மூன்று குடும்பத்தைப் பிடித்தேன்: ஒரு யூதர் வீடு, ஒரு பாகிஸ்தான்காரி, சர்ச்சுக்குப் போகும் மெக்ஸிகோக்காரர்கள். என்னோடு நாலு. எல்லாருமே சாமி கும்பிடுகிறவர்கள்தான், உன்னைப் போல ஒரு நாத்திகரும் கிடைக்கவில்லை. வியாழன் தோறும் தவளை, நட்சத்திரம், எரிமலை.

பூமிக்கு ஆறாயிரம் வயது என்ற அந்தச் சர்ச் மண்டபத்துப் புத்தகத்தை இன்னும் தூக்கிப் போடவில்லை. பெண் அதில் பென்சிலால் தப்புக் கண்டுபிடித்து மார்க் போடுகிறாள். உன் பையனுக்கும் ஒரு கை பார்க்க வேண்டுமென்றால் சொல், மாமியார் போட்ட கூழ்வடகத்தோடு சேர்த்துப் பார்சலில் அனுப்புகிறேன்.

அன்புடன்,
தேவி