ஸ்டீயரிங் பாக்ஸைக் கழற்றுவதற்கு முன்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே அனைவரும் நலம். பிள்ளைகளைப் பற்றிய செய்திகளை அடுத்த கடிதத்தில் விரிவாக எழுதுகிறேன். நீ புதிய ஸ்டீயரிங் பாக்ஸுக்கு, அதாவது ஸ்டீயரிங்கின் திருப்பத்தைச் சக்கரங்களுக்குக் கடத்தும் பற்சக்கரப் பெட்டிக்கு, முன்பணம் கொடுத்துவிடுவதற்குள் இது உன் கைக்கு வந்துசேர வேண்டுமே என்ற பதற்றத்தில் இதை எழுதுகிறேன்.

நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங்கை விரலளவு அசைத்தாலே வண்டி பக்கவாட்டில் பாய்கிறது, நேராகப் பிடித்திருப்பதற்குள் தோள் இறுகிவிடுகிறது, பவர் ஸ்டீயரிங் அளவுக்கு மீறி உதவுகிறது என்று பக்கம் பக்கமாகக் குறைபட்டிருக்கிறாய். ஆனால் புதிய ஸ்பிரிங் போட்டு முன்பக்கத்தை 50 மில்லிமீட்டர் உயர்த்தியதைப் போகிற போக்கில் ஓரத்தில் ஒரு வரியாக எழுதியிருக்கிறாய். என்னைப் பொறுத்தவரை உன் கடிதத்தில் முக்கியமான வரி அதுதான். வண்டி உயர்ந்த பிறகுதான் இந்தக் கோளாறு வந்தது என்றால், பவர் ஸ்டீயரிங்கின் உதவி கூடியிருக்க வாய்ப்புக் குறைவு. சக்கரங்களை நேராக்கும் எதிர்விசை குறைந்திருக்கவே வாய்ப்பு அதிகம். இரண்டும் கைக்கு ஒன்றுபோலவே தெரியும் என்பதால்தான் நல்ல ஸ்டீயரிங் பாக்ஸுகள் பல வீணாகக் கழற்றப்படுகின்றன.

சைக்கிளின் முன் ஃபோர்க் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதைப் போலவே, உன் வண்டியின் முன்சக்கரங்கள் திரும்பும் அச்சும் மேற்புறத்தில் சற்றுப் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். கேஸ்டர் என்பது அந்தச் சாய்வுதான். ஓடும் சக்கரத்தைத் தானாக நேருக்கு இழுத்து வருவது அதுவே. உன் வண்டியில் முன்சக்கரங்கள் இரண்டையும் தாங்கும் முன் ஆக்சில் ஒரே துண்டு. கைகள் எனப்படும் இரண்டு உலோகத் தண்டுகள் அதைப் பின்னாலிருந்து பிடித்திருக்கின்றன. வண்டியின் உடலை உயர்த்தும்போது அந்தக் கைகள் கீழ்நோக்கிச் சாய, ஆக்சிலும் அவற்றோடு சேர்ந்து முன்னோக்கி உருளுகிறது. இத்தகைய அமைப்பில் 50 மில்லிமீட்டர் உயர்த்தினால் ஏறத்தாழ 2 டிகிரி கேஸ்டர் போய்விடும். தொழிற்சாலையிலேயே 3 டிகிரியை ஒட்டித்தான் வைத்திருப்பார்கள் என்றால், மிச்சம் எவ்வளவு என்று நீயே கணக்குப் போட்டுப் பார்.

பவர் ஸ்டீயரிங் மீது பழி விழுவதற்கும் காரணம் இருக்கிறது. பாக்ஸின் உள்ளே மெல்லிய முறுக்குக் கம்பி ஒன்று உண்டு. நீ ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது சக்கரம் எதிர்த்து நின்றால் அந்தக் கம்பி முறுக்கேறும். அந்த முறுக்கின் அளவுக்கு வால்வு திறந்து, ஆயில் அழுத்தம் உதவிக்கு வரும். நேராக ஓடும் வேகத்தில் எதிர்ப்பைத் தருவது பெரும்பாலும் கேஸ்டர்தான். அது மறைந்துவிட்டால், ஸ்டீயரிங்கை எங்கே நிறுத்த வேண்டும் என்று கைக்குச் சொல்ல எதுவும் மிஞ்சுவதில்லை. நீ மிகையாகத் திருப்புகிறாய், பிறகு மிகையாகத் திருத்துகிறாய்.

இதை என் சொல்லை நம்பி ஏற்காதே, சோதித்துப் பார். மெதுவாக ஒரு வளைவில் திரும்பி வெளிவரும்போது பிடியைத் தளர்த்து. ஸ்டீயரிங் தானாக நேருக்கு வரவில்லை என்றால் சந்தேகம் கேஸ்டர் மீது, அல்லது எங்கோ இறுக்கம் இருக்கிறது. எது என்று பிரித்தறிய, முன்சக்கரங்கள் இரண்டையும் தூக்கி, உறுதியான ஸ்டாண்டுகளில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு ஸ்டீயரிங்கை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் திருப்பு. ஓரிடத்தில் இறுகி மறு இடத்தில் இளகினால், ஸ்டீயரிங் தண்டின் இணைப்புகள் துருப்பிடித்திருக்கலாம். பழைய வண்டிகளில் இது சாதாரணம். அப்படியே எஞ்சினையும் ஸ்டார்ட் செய்து பார். தொடாமலே ஸ்டீயரிங் ஒரு பக்கம் ஓடினால் மட்டுமே, வால்வு நடுநிலை தவறியிருக்கிறது என்று நீ பாக்ஸைக் குற்றம் சாட்டலாம்.

பவர் ஸ்டீயரிங்குக்கு ஆயில் அழுத்தம் தரும் பம்பைச் சோதிப்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த வழி ஒன்று உண்டு. ஆளில்லாத நேர்ச்சாலையில் ஒரே வேகத்தை வைத்துக்கொண்டு கியரை மட்டும் ஒன்று குறைத்துப் பார். எஞ்சின் சுற்று கூடும்போது ஸ்டீயரிங்கும் மேலும் இலகுவானால், ஆயில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் பம்பு வால்வு சிக்கியிருக்கிறது எனலாம். மாற்றமே இல்லை என்றால் பம்பை விட்டுவிடு. ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது ஒரு பக்கமும் விடும்போது மறு பக்கமும் வண்டி நழுவினால், கோளாறு முன்னால் இல்லவே இல்லை. இணைப்புகளில் இருக்கும் தேய்ந்துபோன ரப்பர் புஷ்களில் பின் ஆக்சில் அசைந்து, பின்னாலிருந்து உன் வண்டியைத் திருப்புகிறது.

டயர் காற்றையும், முன்சக்கரங்கள் முன்புறத்தில் உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவான டோ-இன்னையும், சக்கரக் கோணங்களை அளக்கும் அலைன்மென்டின்போதே பார்த்துவிடு. முன்சக்கரங்கள் வெளிப்புறம் விரிந்திருந்தாலும் வண்டி இப்படித்தான் துள்ளும்.

வாத்தியார் நிச்சயம் ஸ்பேனரோடு வந்து, பாக்ஸின் மேலுள்ள திருகைக் கால் சுற்று இறுக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்பார். அவர் மீது எனக்குள்ள அன்பு உனக்குத் தெரியும். ஆனாலும் அவரை அந்தத் திருகின் பக்கம் விடாதே. அதை மிகையாக இறுக்கினால் ஸ்டீயரிங் நடுவில் ஒட்டிக்கொள்ளும், நேருக்குத் திரும்புவது மேலும் கெடும், பற்களும் தேயும். ஸ்டீயரிங் அதிர்வை அடக்கும் புதிய டேம்பர் வாங்கும் யோசனையையும் இப்போதைக்கு ஒத்திவை. அது அறிகுறியை மூடி மறைக்குமே தவிர, நோயைத் தொடாது.

கேஸ்டர்தான் காரணம் என்று தெரிந்தால், துளை மையம் விலகிய திருத்தப் புஷ்களோ மாற்றுக் கைகளோ போதும். ஆனால் இழந்ததற்கு மேல் பேராசைப்படாதே. ஆக்சிலைப் பின்னோக்கி உருட்டினால் ஆக்சிலில் உள்ள பற்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியலின் மூக்கு தாழும். எஞ்சினின் சுழற்சியை அதற்குக் கொண்டுவரும் முன் புரொப்பெல்லர் ஷாஃப்டின் இணைப்பில் கோணம் கூடி, அதிர்வு தொடங்கும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். உயர்த்திய வண்டி, கனத்த டயர், எதிர்விசை இல்லாத ஸ்டீயரிங், இவற்றோடு வேகத்தில் ஒருமுறை வெடுக்கென்று திருப்பி, அதே வேகத்தில் எதிர்ப்பக்கம் திருத்தினால் வண்டி கவிழக்கூடும். அளந்து சரிசெய்யும்வரை நெடுஞ்சாலைக்குப் போகாதே. பிள்ளைகளை அதில் ஏற்றாதே.

அலைன்மென்ட் தாளில் இடது கேஸ்டர், வலது கேஸ்டர், டோ ஆகிய மூன்று அளவுகளும் இருக்கும். அவற்றைச் சரிசெய்வதற்கு முன் எடுத்த அளவுகளாகவே கேட்டு வாங்கி, அப்படியே எனக்கு எழுதி அனுப்பு. எந்தப் புஷ் பொருந்தும் என்று அதற்குப் பிறகு சேர்ந்து முடிவுசெய்வோம்.

அன்புடன்,
உன் நண்பன்