காரை நிறுத்திய பிறகு அரை மணி நேரம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. உடனே பதில் போட்டிருக்க வேண்டும், ஆனால் சத்தமில்லாமல் டென்ட் போட்டுத் தங்குகிற இடத்தை எப்படித் தேடுகிறாய் என்று நீ கேட்ட கேள்விக்கு இரண்டு வரியில் பதில் எழுத மனம் வரவில்லை. அம்மாவின் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் அப்படி ஒரு நிம்மதி. யார் கையையும் பிடிக்காமல் வாசல்வரை நடந்தார் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன்.

இங்கே எல்லோரும் நலம். பெரியவள் வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டாள், சின்னவன் பரீட்சைக்குப் படிக்கிறான். எனக்குத்தான் இடது காது கொஞ்சம் மந்தமாகிவிட்டது. கீச்சென்ற மெல்லிய ஒலிகள் அந்தப் பக்கம் சரியாகக் கேட்பதில்லை. வயதாக ஆக வருவதுதான், பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னார். ஆனால் அதைக் கேட்ட நாளிலிருந்து, காது நன்றாக இருக்கும்போதே கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுவிட வேண்டும் என்று ஓர் ஆசை பிடித்துக்கொண்டது. அதனால்தான் இந்த வருடம் மட்டும் ஆறு முறை டென்ட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

நீ போய்வந்த கதையைப் படித்து மனசு கஷ்டமாகிவிட்டது. இரண்டு வருடம் தள்ளித் தள்ளிப் போட்டு, ஒருவழியாக லீவு கிடைத்து, புது டென்ட்டோடு போய் இறங்கினால் பக்கத்தில் விடிய விடிய ஸ்பீக்கர், அந்தப் பக்கம் ஜெனரேட்டர், கழிப்பறை விளக்கு நேராகக் கண்ணில். இதற்கு வீட்டிலேயே தூங்கியிருக்கலாம் என்று உனக்குத் தோன்றியது நியாயம்தான். ஆனால் கேம்பிங்கே நமக்குச் சரிவராது என்று மட்டும் முடிவு கட்டிவிடாதே. நீ போனது கார் போய் நிற்கிற இடம். கார் நிற்கிற இடத்துக்குக் காரில் ஏற்ற முடிகிற எல்லாமும் வந்து சேரும்.

இத்தனை நாள் அலைந்ததில் நான் கண்டுகொண்டது இதுதான்: வீட்டிலிருந்து எத்தனை கிலோமீட்டர் ஓட்டினோம் என்பதற்கும் அங்கே கிடைக்கிற அமைதிக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. காரை நிறுத்திய பிறகு எவ்வளவு நேரம் நடக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது. அரை மணி நேரம் முதுகில் சுமந்து நடக்க வேண்டும் என்றால் ஸ்பீக்கர் வராது, ஐஸ்பெட்டி வராது, பத்துப் பேர் கூட்டமும் வராது. கோர்டன் ஹெம்ப்டன் என்று ஓர் ஒலிப்பதிவாளர் இருக்கிறார், அமெரிக்காவின் ஒலிம்பிக் தேசியப் பூங்காவில் 2005 ஏப்ரல் 22 அன்று பாசி படர்ந்த ஒரு மரக்கட்டையின்மேல் சின்னச் சிவப்புக் கல்லை வைத்து, இந்த ஒரு சதுர அங்குலத்தில் மனிதச் சத்தம் விழாமல் காப்போம் என்று குறித்தார். அந்தக் கல் இருப்பது கார் நிற்கிற இடத்திலிருந்து 5 கிலோமீட்டர் நடையில். அவ்வளவுதான். நாலு நாள் பயணம் எல்லாம் இல்லை.

சரி, எப்படித் தேடுகிறேன் என்று கேட்டாய். முதலில் தூரத்தை மறந்துவிட்டு நேரத்தை வைத்து ஒரு வட்டம் போட்டுக்கொள். எனக்கு இரண்டு மணி நேரம். அதற்கு மேல் என்றால் ஒரே ஒரு ராத்திரிக்காகப் போக மனம் வராது, போனாலும் இருட்டிய பிறகுதான் சேர முடியும். வட்டம் உருண்டையாக வராது, நல்ல சாலை போகிற திசையில் நீளும், மலைப்பக்கம் சுருங்கும். கடைசிப் பத்துக் கிலோமீட்டர் மண்பாதை என்றால் அதற்கு மட்டுமே முக்கால் மணி நேரம் எடுத்து வைத்துவிடு. அப்புறம் அந்த வட்டத்துக்குள் எல்லோரும் போகிற அருவி, காட்சிமுனை, ஏரிக்கரை எல்லாவற்றையும் அடித்துவிடு. மிச்சமிருப்பதில்தான் நமக்கு வேலை. பெயரில்லாத இடங்கள் அவை. பார்க்க ஒன்றுமில்லை என்று மற்றவர்கள் கடந்துபோகிற சாதாரணக் காடு, புதர் மண்டிய மேடு.

சாட்டிலைட் படத்தை மட்டும் நம்பாதே, அதில் எல்லாமே தட்டையாகத் தெரியும். சமஉயரக் கோடுகள் போட்ட வரைபடம் ஒன்று கட்டாயம் வேண்டும். கோடுகள் நெருக்கமாக இருந்தால் செங்குத்து, விலகியிருந்தால் சமதளம். நான் தேடுவது சரிவின் நடுவில் கோடுகள் திடீரென்று விலகி மறுபடி நெருங்குகிற இடம். மலை அங்கே ஒரு திண்ணை போட்டு வைத்திருக்கிறது என்று அர்த்தம். இரண்டு டென்ட் போடுகிற அளவுக்கு அகலம் இருந்தால் போதும்.

இப்போது சத்தத்துக்கு வருகிறேன். போன வருடம் ஒரு மேட்டில் அருமையான இடம் பார்த்து வைத்திருந்தேன். பகலில் இரண்டு முறை போய்ப் பார்த்தாயிற்று, காற்றும் பறவையும் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. நெடுஞ்சாலை நாலு கிலோமீட்டர் தள்ளி, நடுவில் வெட்டவெளி. மூன்றாவது முறை டென்ட்டோடு போய்ப் படுத்தேன். பத்து மணிக்கு மேல் லாரிகள் பக்கத்திலேயே ஓடுகிற மாதிரி இரைச்சல், கியர் மாற்றுவதுகூடத் தனியாகக் கேட்டது. விடியும்வரை கண்ணை மூட முடியவில்லை. ஏன் அப்படி என்று அப்புறம் தேடிப் படித்தேன். பகலில் தரை சூடாக இருக்கும், மேலே போகப் போகக் காற்று குளிரும், அதனால் ஒலி மேல்பக்கமாக வளைந்து நம் தலைக்கு மேலே போய்விடும். வானம் தெளிந்து காற்று அசையாமல் இருக்கிற ராத்திரியில் இது தலைகீழ். தரையை ஒட்டிய காற்று முதலில் குளிர்ந்துவிடும், அதற்கு மேலே இருக்கிற காற்று வெதுவெதுப்பாக இருக்கும், மேலே போக வேண்டிய ஒலி வளைந்து தரைக்கே திரும்பி வரும். இன்னொரு விஷயமும் உண்டு. ஜெனரேட்டர் மாதிரி ஒரே புள்ளியிலிருந்து வருகிற சத்தம், தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபெல் குறையும். சாலை ஒரு நீளக் கோடு, அதில் வண்டிகள் வரிசையாக ஓடிக்கொண்டே இருக்கும்போது அந்தச் சத்தம் 3 டெசிபெல்தான் குறையும். ஆகவே சாலையிலிருந்து தள்ளி இருப்பது மட்டும் போதாது, சாலைக்கும் உனக்கும் நடுவில் ஒரு மலை நிற்க வேண்டும். வரைபடத்தில் நான் இப்போது முதலில் பார்ப்பதே அதைத்தான்.

அதனால் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டிருக்கிறேன், நீயும் இதை மட்டுமாவது செய். டென்ட் எடுத்துக்கொள்ளாமல் ஒரு சாயங்காலம் சும்மா போ. வழியைப் பகல் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டு, இருட்டும்வரை அங்கேயே உட்கார். டார்ச்சை அணைத்துவிடு, போனைப் பைக்குள் போடு, அரை மணி நேரம் ஒன்றும் செய்யாமல் இரு. முதல் பத்து நிமிடம் காதுக்குள் நகரமே ஓடிக்கொண்டிருக்கும். அப்புறம் ஒவ்வொன்றாகப் பிரிந்து கேட்கும்: தூரத்து நாய், மோட்டார், ஆள் பேச்சு. இருபதாவது நிமிடத்துக்கு மேல்தான் அந்த இடம் எப்படிப்பட்டது என்று தெரியும். போன மாதம் ஓரிடத்தில் அப்படி உட்கார்ந்திருந்தேன், சரசரவென்று ஏதோ மெல்லக் கேட்டுக்கொண்டே இருந்தது, என்னவென்று புரியவில்லை. கை எட்டும் தூரத்தில் காய்ந்த இலை ஒன்றைச் சின்ன வண்டு ஒன்று தள்ளிக்கொண்டு போகிறது. அந்தச் சத்தம் என் இடது காதில் கேட்டது. அதை உன்னிடம் சொல்ல வேண்டும் என்று அப்போதே நினைத்தேன்.

திரும்பி நடக்கும்போது இருட்டாக இருக்கும், நெற்றியில் மாட்டுகிற விளக்கும் மாற்று பேட்டரியும் கட்டாயம் எடுத்துக்கொள். எங்கே போகிறாய், எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று வீட்டில் ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டுப் போ. நான் வரைபடத்தில் இடத்தையும் வட்டம் போட்டு வைத்துவிடுவேன்.

அனுமதி விஷயத்தில் மட்டும் அலட்சியம் வேண்டாம். ஸ்வீடனில் பெரும்பாலும் யாருடைய நிலமாக இருந்தாலும் வீடுகளிலிருந்து தள்ளி ஓர் இரவு டென்ட் போட்டுக்கொள்ளலாம், ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் பெரும்பாலான நிலத்தில் அந்த உரிமையைக் கொடுக்கிறது, பல நாடுகளில் அப்படி எதுவும் கிடையாது. காடு யார் பொறுப்பில் இருக்கிறதோ அவர்களிடம் நேரில் போய்க் கேட்டுவிடுவது நல்லது. நான் எப்போதும் ‘நல்ல இடம் எது’ என்று கேட்பதில்லை, ‘ஆள் ரொம்ப வராத இடம் எது’ என்றுதான் கேட்பேன். அப்படிக் கேட்டால் பாதிப் பேர் முகம் மலர்ந்து சொல்வார்கள், அங்கே என்ன விலங்கு நடமாட்டம், எந்த மாதம் காட்டுத்தீ பயம் என்பதையும் சேர்த்துச் சொல்வார்கள். தனியார் நிலம் என்றால் இன்னும் சுலபம். வீட்டுக்காரரைப் பார்த்து, ஒரு ராத்திரி, நெருப்பு மூட்ட மாட்டேன், காலையில் இடத்தைக் காட்டிவிட்டுப் போகிறேன் என்று சொல். என்னிடம் இதுவரை இரண்டு பேர்தான் மாட்டேன் என்றிருக்கிறார்கள்.

இடத்துக்குள் இடம் பார்ப்பது தனிக் கலை. பெரியவளோடு போனபோது ஓடைக்குப் பக்கத்தில் பள்ளமான புல்வெளியில் டென்ட் போட்டேன், பார்க்க அவ்வளவு அழகு. மூன்று மணிக்கு முகத்தில் சொட்டென்று ஏதோ விழுந்து விழித்தேன். டென்ட்டின் உள்பக்கம் முழுக்க முத்து முத்தாக நீர் கோர்த்திருந்தது, விரலால் தொட்டால் கோடாக வழிந்தது. குளிர்ந்த காற்று கனமானது, ராத்திரியில் சரிவு வழியாக வழிந்து பள்ளத்தில் தேங்கும், ஈரமும் அங்கேதான் சேரும். முப்பது மீட்டர் மேலே ஏறியிருந்தால் சில டிகிரி கதகதப்பாகக் காய்ந்த டென்ட்டில் படுத்திருக்கலாம். பாவம், அவள் ஒன்றும் சொல்லாமல் என் ஸ்வெட்டரையும் போட்டுக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தாள். இப்போதெல்லாம் நீரிலிருந்து 60 மீட்டராவது தள்ளித்தான் போடுகிறேன். அது நீர் கெடாமல் இருக்கவும், விலங்குகள் பயமில்லாமல் வந்து குடிக்கவும்கூட. ஓடையின் சலசலப்பு மற்ற சத்தத்தையெல்லாம் மூடிவிடும் என்பதும் ஒரு காரணம். வறண்ட ஓடைப் படுகையில் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் படுக்காதே. மேலே எங்கோ பெய்த மழை உன் தலைக்கு மேல் நட்சத்திரம் தெரிகிறபோதே வந்துவிடும்.

டென்ட் விரிப்பதற்கு முன் இரண்டு வேலை. ஒன்று, அண்ணாந்து பார்: பட்டுப்போன கிளையோ சாய்ந்த மரமோ இருந்தால் இடத்தை மாற்று. இரண்டு, வெறும் தரையில் மல்லாந்து படுத்துப் பார். கண்ணுக்குத் தெரியாத வேரும் கல்லும் முதுகுக்குத் தெரியும், தலைப்பக்கம் தாழ்ந்திருப்பதும் உடனே தெரியும். வெளிச்சம் எவ்வளவு மிச்சம் என்று பார்க்கக் கையை நீட்டி சூரியனுக்கும் மலைக்கும் நடுவில் எத்தனை விரல் நுழைகிறது என்று எண்ணு, ஒரு விரலுக்கு ஏறக்குறையக் கால் மணி நேரம்.

சாமான் பற்றி நீ ஒரு பக்கம் கேட்டிருந்தாய். உன்னிடம் இருப்பதே போதும், டென்ட்டை மாற்றாதே. காசு செலவழிப்பதானால் கீழே விரிக்கிற பாய்க்குச் செலவழி, உடம்புச் சூட்டை உறிஞ்சுவது தரைதான். ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர் தண்ணீர் கணக்கு வை. ஓடைத் தண்ணீர் என்றால் நன்றாகக் கொதித்த பிறகு ஒரு நிமிடம், 2000 மீட்டருக்கு மேல் என்றால் மூன்று நிமிடம். சாதாரணக் கையடக்க வடிகட்டி பாக்டீரியாவை நிறுத்தும், வைரஸை நிறுத்தாது. குளிருக்காக அடுப்பை டென்ட்டுக்குள் கொண்டுபோகாதே, அதிலிருந்து வருகிற கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும், அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது. கழிப்பறை இருக்காது, சின்ன மண்வெட்டியால் 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி தோண்டி மூடிவிடு, காகிதத்தைப் பையில் கட்டித் திரும்பக் கொண்டு வா.

இன்னொன்றை உரிமையோடு கேட்கிறேன். நல்ல இடம் கிடைத்தால் படம் போடு, வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் இடத்தின் பெயரையும் வழியையும் எல்லோரும் பார்க்கும்படி போட்டுவிடாதே. எனக்குப் பிடித்த ஒரு மேடு அப்படித்தான் போயிற்று. ஒரே வருடத்தில் ஏழு இடத்தில் நெருப்பு எரித்த கரி, மரத்தில் வெட்டு, புல் தேய்ந்து வெறும் மண். கேட்கிறவருக்குத் தனியாகச் சொல்லலாம், கூடவே கூட்டிக்கொண்டும் போகலாம்.

அப்படித்தான் உன்னைக் கூப்பிடுகிறேன். நம் இரண்டு வீட்டு வட்டங்களையும் ஒரே வரைபடத்தில் போட்டுப் பார்த்தேன், ஒரு பக்கமாகக் கொஞ்சம் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. அதற்குள் ஒரு சரிவில் கோடுகள் விலகியிருக்கின்றன, சாலைக்கும் அதற்கும் நடுவில் முழுசாக ஒரு மலைத்தொடர், மண்பாதை முடிகிற இடத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் நடை. நான் இன்னும் போய்ப் பார்க்கவில்லை, வேண்டுமென்றேதான் விட்டு வைத்திருக்கிறேன். அடுத்த அமாவாசைக்கு முந்தின வியாழக்கிழமை உனக்கு லீவு போட முடியுமா? வெள்ளி, சனி என்றால் கூட்டம் கிளம்பிவிடும். முதல் நாள் டென்ட் இல்லாமல் போய் இருட்டில் உட்கார்ந்து பார்ப்போம், சரியாக இருந்தால் அடுத்த முறை தங்குவோம். வடிகட்டியும் அடுப்பும் நான் கொண்டு வருகிறேன், நீ மண்வெட்டி மட்டும் எடுத்து வா.

அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல். பதில் போடு.

அன்புடன்,
உன் பழைய நண்பன்