ஓசோன் மையங்களுக்கு உரிமம் தரும் அதிகாரிகளுக்கு

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். சர்க்கரைப் புண்ணுக்கு ஓசோன் என்ற வாயுவைச் சிகிச்சையாகக் கொடுக்கும் மையங்கள் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. போன மாதம் எங்கள் அப்பாவின் இடது காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

ஐந்து வாரம், வாரத்துக்கு இரண்டு முறை, காலை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் விட்டு, இறுக்கிக் கட்டி, உள்ளே ஓசோனைச் செலுத்தினார்கள். அப்பா அசையாமல் உட்கார்ந்திருப்பார். வீட்டுக்கு வந்ததும் "இன்னைக்கு வலியே இல்லம்மா" என்பார். நாங்களும் நம்பினோம். சர்க்கரையால் நரம்பு மரத்துப்போனதால்தான் வலி தெரியவில்லை என்று அப்புறம் அரசு மருத்துவமனையில் சொன்னார்கள். அங்கே முதல் வேலையாக, காலுக்கு ரத்தம் ஓடுகிறதா என்று பாதத்தில் நாடி பார்த்தார்கள். அந்த ஐந்து வாரத்தில் மையத்தில் ஒருவர்கூட அதைப் பார்க்கவில்லை.

'ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது' என்று மையத்தின் சுவரில் எழுதியிருந்தது. தேடிப் படித்தேன். சர்க்கரைக் கால் புண்ணுக்கு ஓசோன் கொடுத்துப் பார்த்த சோதனைகளை 2015-இல் காக்ரேன் என்ற, மருத்துவச் சோதனைகளைத் திரட்டி எடைபோடும் சர்வதேச அமைப்பின் ஆய்வாளர்கள் திரட்டினார்கள். கிடைத்தவை மூன்றே மூன்று. மொத்தம் 212 பேர். பலன் உண்டென்று உறுதியாகச் சொல்ல அது போதாது என்றே எழுதினார்கள். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் விதியோ ஓசோனை, மருத்துவப் பயன் எதுவும் அறியப்படாத நச்சு வாயு என்கிறது. முதுகெலும்பு டிஸ்க் பிதுங்கியவர்களுக்கு ஓசோனை ஊசியாகப் போட்ட சில சோதனைகளில் நல்ல பலன் தெரிந்திருக்கிறது, அதை மறைக்கவில்லை. ஆனால் முதுகுக்குக் கிடைத்த ஆதாரத்தை வைத்துக் காலுக்குப் பணம் வாங்கலாமா?

நான் கேட்பது ஒன்றுதான். எந்த நோய்க்கு எவ்வளவு ஆதாரம் இருக்கிறது, எதற்கு இல்லை என்பதைத் தமிழில் எழுதி, பணம் வாங்கும் முன்பே நோயாளி கையில் கொடுக்கச் சொல்லுங்கள்.

சர்க்கரையைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதை மருந்து, மாய நிவாரண விளம்பரங்களுக்கான 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. எங்கள் தெருமுனைத் தட்டியிலோ சர்க்கரையோடு புற்றுநோய், பக்கவாதம் எல்லாம் இருக்கின்றன. தினமும் அந்த வழியாகத்தானே அதிகாரிகளும் போகிறார்கள்? எழுபது வருடம் பழைய சட்டத்தை நோயாளியின் மகளா தேடிப் படித்துச் சொல்ல வேண்டும்?

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அப்பா உட்கார்ந்த நாற்காலியில் இன்று வேறு யாரோ உட்கார்ந்திருப்பார். அவருக்காவது அந்த ஒரு தாள் கிடைக்கச் செய்யுங்கள்.

பணிவுடன்,
ஒரு மகள்