டோக்கன் மெஷின் வாங்கப்போகும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். அரசு மருத்துவமனைக்கு டோக்கன் மெஷின், தாலுகா ஆபீசுக்குத் தொடுதிரை, ரேஷன் கடைக்குக் கைரேகைக் கருவி, எல்லாவற்றுக்கும் ஒரு ஆப் என்று எதையாவது வாங்க டெண்டர் போடும் இடத்தில் இருக்கிற உங்கள் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். கடைசிக் கையெழுத்து யாருடையது என்று எனக்குத் தெரியாது, அதனால்தான் திறந்த மடல்.

நான் இன்டராக்ஷன் டிசைன் படிக்கிறேன், கடைசி வருடம். ஊரில் சொன்னால் "இன்டீரியரா, நல்ல சம்பளமாச்சே" என்பார்கள். இல்லை. ஒரு மெஷின் மனிதரிடம் என்ன சொல்கிறது, அவர் அதை என்னவென்று புரிந்துகொள்கிறார், எந்த இடத்தில் இரண்டு பேருக்கும் ஒத்துப்போகாமல் போகிறது என்று பார்க்கிற வேலை. பில் மாக்ரிட்ஜ், பில் வெர்ப்ளாங்க் என்ற இரண்டு டிசைனர்கள் 1980களில் இதற்கு இந்தப் பெயரை வைத்தார்கள். ஆனால் கண்டக்டர் ஒரு விசில் அடித்தால் வண்டி நிற்பதும் இரண்டு விசில் அடித்தால் கிளம்புவதும் இதே சமாச்சாரம்தான். கூட்டத்தில் டிரைவருக்குக் கண்டக்டரின் முகம் தெரியாது, பேச்சும் கேட்காது, இரண்டே ஒலியில் நாள் முழுக்க வேலை நடந்துவிடுகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வருடம் "அன்றாடச் சமூகத் தேவை ஒன்றை எடுத்துக்கொள்" என்று கல்லூரியில் புராஜெக்ட் கொடுத்தார்கள். நான் ஒரு அரசு மருத்துவமனையின் வெளிநோயாளிகள் பிரிவுக்குப் போனேன், பெயர் வேண்டாம். அங்கே டோக்கன் மெஷின் ஏற்கெனவே இருக்கிறது. சீட்டு வரும், மேலே திரையில் சிவப்பு எழுத்தில் எண் ஓடும், ஒரு பெண் குரல் கூப்பிடும். பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. நானும் முதல் நாள் அப்படித்தான் நினைத்து, அப்புறம் "உங்கள் எண் நெருங்குகிறது" என்று போனுக்குச் செய்தி அனுப்பும் ஆப் ஒன்றை வரைந்துவைத்தேன்.

மூன்றாவது நாள் எனக்குப் பக்கத்தில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார், அறுபது வயது இருக்கும். டோக்கனை முந்தானை முனையில் முடிந்து வைத்திருந்தார். திரையை அவர் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. "எப்படிம்மா தெரியும் உங்க முறை வந்தா?" என்று கேட்டேன். "அதோ அந்தப் பச்சைச் சட்டைக்காரர் எனக்கு முன்னால வந்தவர், அவர் எந்திரிச்சா நான் எந்திரிப்பேன்" என்றார். மெஷின் எண் கொடுத்திருக்கிறது, அவர் ஆளைப் பிடித்து வைத்திருக்கிறார். அதுவாவது பரவாயில்லை. பையில் தண்ணீர் பாட்டில் நிறைய இருந்தது, வெயில் வேறு, ஆனால் குடிக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு முதலில் சிரித்தார், அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: குடித்தால் ஒதுங்கப் போக வேண்டிவரும், போன நேரத்தில் பச்சைச் சட்டை எழுந்துவிட்டால் என்ன செய்வது?

அன்று மாலை அந்த ஆப்பை அழித்தேன். பெண்கள் பாதிப் பேர் காலையிலிருந்து அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்கள், சர்க்கரை நோய்க்கு வந்தவர்கள் உட்பட. "இப்போது எண் 42" என்று திரை சொல்கிறது, ஆனால் அவர்களுக்கு வேண்டிய தகவல் அது இல்லை. "நான் இப்போது எழுந்து போகலாமா?" என்பதுதான் கேள்வி. அதற்கு அந்த மெஷினில் பதில் இல்லை, ஏனென்றால் அதை வாங்கியபோது யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கமாட்டார்கள்.

நான் செய்தது ஒரு பலகை. பிளைவுட், கொக்கி, தொங்கவிட எண் அட்டைகள். "60க்கு மேல் டோக்கன் உள்ளவர்கள் டீ குடிக்க, பாத்ரூம் போகலாம். உங்களை இப்போது கூப்பிடமாட்டார்கள்" என்று பெரிய எழுத்தில். படிக்கத் தெரியாதவர்களுக்காக டோக்கன் சீட்டில் பத்துப் பத்தாக நிறம் மாற்றி ஒரு கோடு, பலகையிலும் அதே நிறம். ஆயிரம் ரூபாய்கூட ஆகவில்லை. எல்லாம் சரியாக நடந்தது என்று சொன்னால் பொய். எண் அட்டையை மாற்றும் பொறுப்பை ஊழியர் ஒருவரிடம் கொடுத்திருந்தேன், பதினொரு மணிக்கு அவரை ஸ்ட்ரெச்சர் தள்ளக் கூப்பிட்டுவிட்டார்கள், பலகை ஒரு மணி நேரம் அதே எண்ணில் நின்றது, அதை நம்பி வெளியே போன ஒரு தாத்தாவுக்கு முறை தவறிப்போய் என்னைப் பிடித்துக் கிழித்துவிட்டார். நியாயம்தான். அப்புறம் அந்த வேலையை டோக்கன் கொடுக்கும் ஜன்னலுக்கே மாற்றினோம், அங்கே எப்போதும் ஒரு ஆள் இருப்பார்.

கல்லூரியில் நடுவராக வந்தவர் கேட்டது ஒரே கேள்வி: "இதுல டெக்னாலஜி எங்கம்மா?"

இந்தக் கேள்வியைத்தான் நீங்களும் கேட்கிறீர்களோ என்று எனக்குச் சந்தேகம். டெண்டரில் திரை எத்தனை இன்ச், உத்தரவாதம் எத்தனை வருடம் என்றெல்லாம் எழுதுகிறார்கள். கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்தவர் அதை என்ன செய்வார் என்பதற்கு வரி கிடையாது.

நம்மால் முடியாத காரியம் என்று சொல்லிவிடாதீர்கள். வாக்குப்பதிவு இயந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் அரசியல் சண்டை ஆயிரம் இருக்கிறது, அதை விடுங்கள், பொத்தானை மட்டும் பாருங்கள். பாரத் எலக்ட்ரானிக்ஸ், எலக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா என்ற இரண்டு அரசு நிறுவனங்கள் செய்தவை. வடிவமைப்பில் ஐஐடி பம்பாயின் தொழில் வடிவமைப்பு மையத்து ஆசிரியர்கள் இருந்தார்கள். 1982இல் கேரளத்தின் பரவூரில் 50 வாக்குச்சாவடிகளில் முதல்முதலாகப் பயன்படுத்தினார்கள். சின்னம், பக்கத்தில் நீலப் பொத்தான், அமுக்கினால் சிவப்பு விளக்கு, நீளமாக ஒரு பீப். அவ்வளவுதான். ஏடிஎம் வாசலில் செக்யூரிட்டியைக் கூப்பிடாமல் பணம் எடுக்கத் தெரியாத என் பாட்டி, தடுப்புக்குள் தனியாகப் போய், யாரையும் கேட்காமல் ஓட்டுப் போட்டுவிட்டு வருகிறார். யாருக்குப் போட்டார் என்று இன்றுவரை தாத்தாவுக்கே சொன்னதில்லை.

அதே பாட்டி ரேஷன் கடையில் கூனிக் குறுகி நிற்பார். அங்கே 2020இலிருந்து கைரேகை வைக்க வேண்டும். ஆயுசு முழுக்கப் பாத்திரம் தேய்த்த விரல், ரேகை தேய்ந்துபோயிருக்கிறது. மெஷினின் திரை விற்பனையாளர் பக்கம் திரும்பியிருக்கும், அதில் ஆங்கிலத்தில் ஏதோ பிழை வரும், அவர் "அழுத்தி வைம்மா" என்பார், பாட்டி ஏதோ தான் தப்பு செய்துவிட்ட மாதிரி சேலையில் விரலைத் துடைத்துத் துடைத்து வைப்பார். பின்னால் இருபது பேர் உச்சுக்கொட்டுவார்கள். என் இரண்டாவது புராஜெக்ட் இது. எதையும் கண்டுபிடிக்கவில்லை, ஒரு ஸ்டிக்கர், அவ்வளவுதான். ஸ்மார்ட் கார்டின் பின்பக்கம் ஒட்ட இரண்டு கைகளின் படம், போன தடவை எந்த விரலை மெஷின் ஏற்றுக்கொண்டதோ அந்த விரலில் பேனாவால் ஒரு புள்ளி. பாட்டிக்கு இடது நடுவிரல். அடுத்த மாதம் போனதும் நேராக அதையே வைத்தார், இரண்டாவது தடவையில் மெஷின் ஏற்றுக்கொண்டது. பத்து விரலையும் வரிசையாக வைத்துப் பார்க்கிற அவமானமாவது மிச்சம்.

இன்னொன்று, இது உங்களைப் பாராட்ட. 2021 மே மாதம் தமிழ்நாட்டின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் டிக்கெட்டுக்குக் காசு கொடுக்க வேண்டாம் என்று ஆனபோது, வருகிற பஸ் அந்த வகைதானா என்று தெரியாமல் ஓடிப் போய் ஏறி, அப்புறம் இறங்கிய பெண்களை நானே பார்த்திருக்கிறேன். 2022 ஆகஸ்டில் சென்னையில் அந்தப் பேருந்துகளின் முன்னும் பின்னும் பிங்க் வண்ணம் அடித்தீர்கள். மீம் போட்டுச் சிரித்தார்கள். எனக்கோ ஆப், அறிவிப்பு எதுவும் இல்லாமல் தூரத்திலிருந்தே பதில் சொல்கிற அந்த முகப்புதான் பாடத்தில் படித்த எதையும்விட நல்ல உதாரணம். முதலிலேயே பக்கவாட்டிலும் அடித்திருக்கலாம், நிறுத்தத்தைத் தாண்டிப் போய் நிற்கிற பஸ்ஸை நாங்கள் பக்கவாட்டில்தான் பார்க்கிறோம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த டெண்டரில் ஒரு வரி சேருங்கள்: பணம் கொடுப்பதற்கு முன்னால் அந்த மெஷினை, அது வைக்கப்படப்போகும் அதே வரிசையில் நிற்கிற ஐந்து பேரிடம் கொடுத்துப் பார்க்க வேண்டும். கம்பெனிக்காரர் பக்கத்தில் நின்று விளக்கக்கூடாது. பெரும்பாலான கோளாறுகளைக் கண்டுபிடிக்க ஐந்து பேர் போதும் என்று, பயன்படுத்த எளிதா என்று சோதிப்பதையே தொழிலாகக் கொண்ட ஜேக்கப் நீல்சன் 2000இலேயே எழுதியிருக்கிறார். ஆனால் ஐவரும் உங்கள் ஆபீஸ் ஊழியர்களாக இருக்கக்கூடாது. இடுப்பில் குழந்தையோடு ஒருவர், படிக்கத் தெரியாத ஒருவர், கண் சரியாகத் தெரியாத ஒருவர், இப்படி. அவர்கள் எங்கே தயங்கி நிற்கிறார்களோ அதை எழுதிக்கொள்ள ஆள் வேண்டுமென்றால் எங்களைப் போன்ற மாணவர்கள் இருக்கிறோம், சம்பளம் வேண்டாம், உள்ளே நிற்க ஒரு அனுமதிக் கடிதம் போதும். அந்தக் கடிதத்துக்காக நான் பதினாறு தடவை அலைந்தேன், அது வேறு கதை. (படிவத்தில் "கடைசிப் பெயர்" கட்டாயம் என்று வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: எங்களில் பலருக்கு இனிஷியல்தான் உண்டு. அப்பா பெயரை அங்கே போட்டு, அப்புறம் விமான நிலையத்தில் அப்பா பெயரால் கூப்பிடப்பட்டு விழிக்கிறோம்.)

ஒரு நாள் நீங்களே வந்து அந்த வெளிநோயாளிகள் வரிசையில் உட்காருவதாக இருந்தாலும் சந்தோஷம், யாரென்று சொல்லிக்கொள்ளாமல். ஆறு மணிக்கே கூட்டம் சேர்ந்துவிடும். கழிவறை எங்கே என்று என்னிடம் கேளுங்கள், அதற்கு இன்னும் போர்டு வைக்கவில்லை.

இப்படிக்கு,
கடைசி வருட டிசைன் மாணவி ஒருத்தி