தாராவி அறை பற்றி மகனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய அறையின் படங்களை அப்பாவும் நானும் பார்த்தோம். பெங்களூரிலிருந்து மும்பைக்கு வரும் உங்கள் இருவருக்கும் அதுவே போதும், வாடகை 9,000, டெபாசிட் 50,000, பாந்த்ரா-குர்லா காம்ப்ளெக்சில் (பி.கே.சி.) இருக்கிற ஆபீசுக்கு நடந்தே போய்விடலாம் என்று எழுதியிருக்கிறாய். சயானில் பார்த்த வீட்டுக்கு 36,000 கேட்கிறார்கள், எங்களோடு கல்யாணில் இருந்து போய்வந்தால் ரயிலிலேயே பாதி உயிர் போய்விடும், அதனால் தாராவிதான் தோது என்பது உன் கணக்கு. கூட்டல் கழித்தல் எல்லாம் சரிதான். ஆனால் அதில் உன் பெண்டாட்டி எங்கே இருக்கிறாள் என்று தேடினேன், காணவில்லை. போனில் சொன்னால் பாதியிலேயே வேறு பேச்சுக்குப் போய்விடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் உன் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். கல்யாணில் ஃபாஸ்ட் வண்டி ஏறினால் குர்லாவுக்கு முக்கால் மணி நேரம் என்பார்கள். வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு ஆட்டோ, ஏற முடியாமல் விட்டுவிடும் வண்டி, குர்லாவில் இறங்கி ஷேர் ஆட்டோ வரிசை, எல்லாம் சேர்த்தால் போக ஒன்றரை, வர ஒன்றரை. நாம் தாராவியை விட்டு இங்கே கல்யாணுக்கு வந்த பிறகு அப்பா ரிட்டயர் ஆகும்வரை அப்படித்தான் கதவோரம் நின்று போய்வந்தார். 2025 ஜூன் 9 காலையில் மும்ப்ரா பக்கத்தில் எதிரெதிரே போன இரண்டு வண்டிகளின் வாசலில் தொங்கியவர்கள் உரசி விழுந்து செத்தார்களே, அது நம் லைன்தான். மும்பை ரயில் பாதையில் வருஷத்துக்கு 2,000 பேருக்கு மேல் சாகிறார்கள். நீ தினம் அந்தக் கூட்டத்தில் ஏற வேண்டாம் என்பதில் எனக்கும் உனக்கும் பேச்சு வித்தியாசமே கிடையாது. தாராவியில் இருந்தால் மிதி ஆற்றைத் தாண்டினால் பி.கே.சி. மழை நாளென்றால் மெட்ரோ இருக்கிறது. 2025 மே மாதம் தாராவி ஸ்டேஷன் திறந்தார்கள், அடுத்த ஸ்டேஷனே பி.கே.சி. ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் மிஞ்சுவது சின்ன விஷயம் இல்லை.

உன் பெண்டாட்டி, அந்தப் பிள்ளைக்கும் அங்கே நல்லது உண்டு. தென்காசிப் பக்கத்திலிருந்து நேரே பெங்களூர், இப்போது மும்பை. இந்தி தெரியாது. சயானிலோ செம்பூரிலோ ஒரு ஃப்ளாட்டில் கதவைச் சாத்திவிட்டு நீ போய்விட்டால் ராத்திரி நீ வரும்வரை அவளோடு பேச ஆள் கிடையாது. தாராவியில் 90 அடி ரோட்டில் இறங்கி நின்றால் கருவேப்பிலை விற்கிறவரிலிருந்து நகை அடகுக்கடைக்காரர் வரை தமிழில் பேசுவார்கள், அதிலும் பாதிப்பேர் நம் திருநெல்வேலிப் பேச்சு. பொங்கலன்று ரோட்டிலேயே அடுப்பு வைத்துப் பொங்குவதை அவள் பார்க்க வேண்டும். விடியுமுன் இட்லிப் பானைகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஊர் முழுக்கக் கிளம்புகிற ஆட்களும், முறுக்குச் சுற்றிக் குடும்பத்தை நிமிர்த்திய பெண்களும் அந்தச் சந்துகளில்தான் இருக்கிறார்கள். உனக்கு மூன்று வயதில் ஜுரத்தில் வலிப்பு வந்தபோது, அப்பா நைட் ஷிப்ட், பக்கத்து வீட்டு பாய் உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு சயான் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். நான் செருப்பில்லாமல் பின்னால் ஓடினேன். இங்கே கல்யாணில் எதிர் ஃப்ளாட்டில் யார் இருக்கிறார்கள் என்று எனக்கு இன்னும் சரியாகத் தெரியாது.

உன் ஆபீஸ்காரர்கள் பயமுறுத்துகிற மாதிரி ரவுடி, கத்தி என்று நான் உன்னைப் பயமுறுத்த மாட்டேன். ராத்திரி பதினொரு மணிக்கு மெயின் ரோட்டில் பெண்கள் நடந்து வருகிற இடம் அது, ஏனென்றால் அந்நேரத்துக்கும் ஆட்கள் வெளியே இருப்பார்கள். குடிகாரர்களும் கஞ்சாப் பையன்களும் உண்டு. எந்தச் சந்து என்று அங்கே இருக்கிற பெண்களைக் கேட்டால் சொல்வார்கள், அந்தச் சந்தை விட்டுவிட வேண்டியதுதான். 1992 டிசம்பரிலும் அடுத்த ஜனவரியிலும் கலவரம் நடந்தபோது நாங்கள் பட்ட பயம் வேறு மாதிரி. அதை இன்னொரு நாள் சொல்கிறேன்.

தண்ணீருக்கு வருகிறேன். நீ எழுதியது "தண்ணீர் காலையில் வரும்" என்று ஒரே வரி. காலையில் என்றால் எத்தனை மணிக்கு, எத்தனை நேரம், உனக்கென்று குழாயா, நாலு வீட்டுக்கு ஒன்றா? நம் சந்தில் விடியற்காலம் வரும், இரண்டு மணி நேரம்கூட நிற்காது. அதற்குள் டிரம் நிறைய வேண்டும், குடிக்கப் பிடிக்க வேண்டும், வீட்டு மூலையில் இருக்கிற மோரியிலேயே (கழுவுகிற இடம்) துணி அலசி முடிக்க வேண்டும். மேலே இருக்கிறவர்கள் கீழிருந்து பம்ப் போட்டு ஏற்ற வேண்டும், பம்ப் போட்டால் பக்கத்து வீட்டுக்குக் குறையும், அதில் ஒரு சண்டை. ஆச்சி இருந்தவரை குடம் தூக்கியது அவர்கள்தான், அவர்கள் முதுகு போனபின் நான். அப்பா ஒரு நாளும் தூக்கியதில்லை. நைட் ஷிப்ட் முடித்து வருகிற மனிதரை எழுப்பக் கூடாது என்று நாங்களே விட்டுவிட்டோம். நாங்கள் மிச்சம் பிடித்த வாடகையில் ஆச்சியின் முதுகும் சேர்த்திதான் தம்பி.

அடுத்தது கழிப்பறை. படத்தில் எங்கும் காணோம், நீயும் எழுதவில்லை, அப்படியென்றால் உள்ளே இல்லை. தாராவியில் பத்தில் எட்டுப் பேருக்குப் பொதுக் கழிப்பறைதான் என்று கொரோனா வந்த 2020-ல் மாநகராட்சியே சொன்னது. உனக்கு அது ஆபீஸ் போகும்வரை பொறுத்துக்கொள்கிற சங்கடம், அங்கே போனால் ஏசி போட்ட பாத்ரூம் இருக்கும். அவள் நாள் முழுக்க என்ன செய்வாள்? நான் என்ன செய்தேன் என்று உனக்குச் சொன்னதில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தண்ணீர் குடிக்க மாட்டேன். ராத்திரி போக வேண்டி வந்தால் பக்கத்து அக்காவை எழுப்பி இருவருமாகப் போவோம். மாதவிலக்கு நாட்களை எப்படிக் கழித்தோம் என்பதை எழுதக்கூட எனக்கு வரவில்லை. மூத்திரத்தில் கிருமி என்று திரும்பத் திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போனேன். தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்பார் டாக்டர் அம்மா, தலையாட்டிவிட்டு வருவேன். எங்கள் சந்தில் பாதிப் பெண்களுக்கு இதே நோய்தான். உன் வாடகையின் மீதி இப்படித்தான் வசூலாகும், அதுவும் கையெழுத்துப் போடாதவளிடம்.

அறையையும் பார்த்தேன். அது மாலா, அதாவது ஏணி வைத்து ஏறுகிற மேல்வீடு, கீழ்வீடு இல்லை. செங்குத்தான இரும்பு ஏணி, பிடிக்கக் கயிறு. மேலே தகரம். ஏப்ரல், மே மாதம் பகலில் அதற்குள் இருக்க முடியாது, மழை விழுந்தால் போனில் பேசக்கூட முடியாது. இன்றைக்கு அவள் ஏறிவிடுவாள். நாளைக்கு வயிற்றில் பிள்ளையோடு? இறங்கும்போது கையில் பிள்ளை இருந்தால்? சுவர் ஒற்றைச் செங்கல், அந்தப் பக்கம் இருமுவது இந்தப் பக்கம் கேட்கும். திருமணமாகி ஒரு வருஷம் ஆன உங்களுக்கு ஒரு சின்னச் சண்டை போடக்கூட இடம் வேண்டும். அவ்வளவுதான் அதைப்பற்றி ஒரு அம்மா எழுதலாம்.

கீழ்வீடு என்றால் நல்லது என்றும் எடுத்துக்கொள்ளாதே. 2005 ஜூலை 26 உனக்கு நினைவிருக்கும். சாந்தாக்ரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியது, மிதி ஆறு பொங்கி நாலாவின் சாக்கடைத் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. உன் ஸ்கூல் சர்டிபிகேட்டை நான் ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு மேல்வீட்டில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம், புரோக்கர் சொன்னதாக எழுதியிருக்கிறாயே, "ஹெவி டெபாசிட் (வாடகைக்குப் பதிலாக மொத்தமாகப் பெரிய தொகை) கொடுத்து உட்கார்ந்துவிடு, தாராவி புதுப்பிக்கும்போது உனக்கும் ஒரு ஃப்ளாட் கிடைக்கும்" என்று, அதைக் காதிலேயே வாங்காதே. தாராவிக்குள்ளேயே இலவசமாக 350 சதுர அடி என்பது 2000 ஜனவரி 1-க்கு முன்னாலிருந்தே இருந்ததற்குக் காகிதம் காட்டுகிற கீழ்வீட்டுக்காரர்களுக்கு. மாலாவில் இருக்கிறவர்களுக்குத் தாராவிக்கு வெளியேதான் இடம், அதுவும் பணம் கட்டி. இன்றைக்குப் போய்ப் புதிதாக வாடகைக்கு உட்காருகிறவனுக்கு அதில் ஒன்றும் இல்லை. தலைமுறை தலைமுறையாக இருந்தவர்களே காகிதத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். உன் சந்தைக் காலி செய்யச் சொன்னால் பாத்திரம் பண்டத்தோடு நீ கிளம்ப வேண்டியதுதான், அந்த நேரத்தில் டெபாசிட் திரும்பி வருமா என்று யோசி. எதுவானாலும் பதிவு செய்த 11 மாத அக்ரிமென்ட் வேண்டும், போலீசிலும் தெரிவிக்க வேண்டும். வாய்ப்பேச்சில் பணம் கொடுக்காதே.

தாராவிக்கே போகாதே என்று நான் சொல்லவில்லை. அங்கே பிறந்து வளர்ந்தவன் நீ. அப்பா ஃபாரங்களில் எல்லாம் "சயான்" என்று முகவரி எழுதியபோதும் நான் தாராவி, 400017 என்றுதான் எழுதுவேன். அந்த அறை வேண்டாம் என்கிறேன். 90 அடி ரோட்டுப் பக்கத்திலேயே குடிசைக்காரர்களுக்கு மாற்று வீடாகக் கட்டிய எஸ்.ஆர்.ஏ. கட்டடங்கள் இருக்கின்றன, உள்ளேயே கழிப்பறை, குழாய். வாடகை 15,000, 16,000 கேட்பார்கள், கொடு. சயான் வாடகையில் பாதிகூட இல்லை, உன் மூன்று மணி நேரமும் மிஞ்சும், அவளுக்குத் தமிழ் பேசுகிற அக்கம்பக்கமும் கிடைக்கும். ஆனால் அதிலும் நாலாவது மாடிக்குக் கீழே எடுக்காதே. கோவண்டி, மான்குர்த் பக்கம் நெருக்கி நெருக்கிக் கட்டிய கட்டடங்களில் வெயில் படாத கீழ்மாடிகளில் காசநோய் கூடுதல் என்று 2018-ல் ஆய்வு செய்து சொன்னார்கள். மத்தியானம் விளக்குப் போடாமல் அரிசியில் கல் பொறுக்க முடிகிற வெளிச்சம் வேண்டும், அது இல்லாத வீடு எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். லிப்ட் ஓடுகிறதா என்று புரோக்கரைக் கேட்காதே, மேலே குடியிருக்கிற ஒரு கிழவியைக் கேள். கூடுதலாகும் வாடகை உனக்குப் பாரமாக இருந்தால் அப்பா பென்ஷனில் மாதம் 3,000 தருகிறேன் என்கிறார். வாங்கிக்கொள், வெட்கப்படாதே.

எது எடுத்தாலும் தண்ணீர் வேலையை நீ எடுத்துக்கொள். காலையில் எழுந்து டிரம் நிரப்பிவிட்டு ஆபீஸ் போ. அவளுக்கு வேலை கிடைத்தால் அவளும் ஓட வேண்டியவள்தான்.

அடுத்த வாரம் வீடு பார்க்க நீ மட்டும் வருவதாக எழுதியிருக்கிறாய். அவளையும் கூட்டிக்கொண்டு வா. உத்யான் எக்ஸ்பிரஸ் கல்யாணில் நிற்கும், இங்கே இறங்கி எங்களோடு தங்கி, மறுநாள் விடியற்காலம் தண்ணீர் வருகிற நேரத்துக்கு நாம் மூன்று பேரும் போய்ப் பார்ப்போம். அதுவரை யாருக்கும் டோக்கன் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். இந்தக் கடிதத்தை அவளிடம் படித்துக் காட்டு. கழிப்பறை பற்றி எழுதியதையும் விடாமல் படி. அவளுக்கு ஏதாவது கேட்க வேண்டுமென்றால் மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் எனக்குப் போன் செய்யச் சொல், அப்பா தூங்கிக்கொண்டிருப்பார், நாங்கள் பேசிக்கொள்கிறோம்.

அன்புடன்,
அம்மா
கல்யாண்