பேரேடுகளைக் காத்துக் கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

வணக்கம். செட்டிநாட்டு வளவு வீடுகளின் பெட்டகங்களில் கிடந்த பேரேடுகளையும் ஐந்தொகைகளையும், பர்மாவிலிருந்தும் மலாயாவிலிருந்தும் வந்த கடிதங்களையும் படமெடுத்துச் சேர்த்துவரும் எங்கள் தரவுத்தளம், பதிப்பு மாற்றத்தின் நடுவில் நின்றுபோய் நான்கு நாள் கழித்து மீண்டதை உங்களில் பலர் அறிவீர்கள். உதவியவர்கள் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், அவர்கள் செய்ததை மட்டும் எழுதி நன்றி சொல்கிறேன்.

எங்கள் தரவுத்தள மென்பொருளான போஸ்ட்கிரெஸின் 11-ஆம் பதிப்புக்கான ஆதரவு 2023 நவம்பரிலேயே முடிந்துவிட்டது; இவ்வளவு காலம் தள்ளிப்போட்டது என் பிழை. 16-க்கு மாறுவதற்கான சோதனை ஓட்டம் எல்லாம் சரி என்றது. உண்மையான ஓட்டமோ, பழைய தளத்தின் அமைப்பை டம்ப் எடுக்கும் (புதிய தளத்தில் மீண்டும் உருவாக்குவதற்காக வெளியே எழுதும்) கட்டத்திலேயே நினைவகம் தீர்ந்து நின்றது. நினைவகத்தைக் கூட்டிய பிறகும் அதே கதைதான்.

காரணத்தைக் கண்டவர், படைப்புக்காக (முன்னோர் வழிபாட்டுக்காக) பெங்களூரிலிருந்து பள்ளத்தூருக்கு வந்திருந்த தம்பி. பெரிதாக்கிப் பார்க்க வசதியாக ஒவ்வொரு பக்கத்தையும் துண்டுகளாக வெட்டி, துண்டு ஒவ்வொன்றையும் ஒரு லார்ஜ் ஆப்ஜெக்டாக, அதாவது தளத்துக்குள்ளேயே தனி எண்ணோடு சேமிக்கப்படும் பெரிய தரவாக, வைத்திருந்தோம். அவை கோடியைத் தாண்டியிருந்தன. படங்கள் கோப்பாக அப்படியே நகர்ந்துவிடும் என்றாலும், ஒவ்வொன்றின் உரிமைக் குறிப்பையும் டம்ப் கருவி தனித்தனியே நினைவில் ஏற்றுகிறது. சோதனை ஓட்டம் அந்த வேலையைத் தொடுவதே இல்லை. 17-இல் அவற்றைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து எழுதுகிறார்கள், மாற்றத்தின்போது ஓடுவதும் புதிய பதிப்பின் கருவிதான், எனவே நேராக 17-க்கே போகலாம் என்றார்.

துண்டுகளில் பெரும்பகுதி, மறுபடி படமெடுத்தபோது கைவிடப்பட்ட பழையவை என்பதால், எந்த அட்டவணையிலும் எண் இல்லாத லார்ஜ் ஆப்ஜெக்டுகளை அழிக்கும் வாக்யூம்எல்ஓ கருவியால் அவற்றைக் கழிக்க நான் அவசரப்பட்டேன். தேவகோட்டை ஆச்சி தடுத்திராவிட்டால் இந்த மடலுக்கே இடமிருந்திருக்காது. எதையும் அழிக்காமல் எண்ணிக்கை மட்டும் காட்டும்படி அதை ஓடவிட்ட அவர், எண்ணிக்கை மிகையாக இருப்பதைக் கவனித்து, இரவு முழுதும் அட்டவணைகளைத் துழாவினார். அக்கருவி, அடையாள எண்களுக்கென உள்ள ஓ.ஐ.டி. அல்லது எல்.ஓ. வகைப் பத்திகளில் (நெடுவரிசைகளில்) உள்ள எண்களை மட்டுமே உயிருள்ளவையாகக் கொள்ளும். நாங்களோ கடிதப் படங்களின் எண்களைச் சாதாரண எண் பத்தியில் வைத்திருந்தோம். "பேரேட்டில் பேர் இல்லையென்று பெட்டகத்தில் உள்ள நகையை வீசுவியா, தம்பி?" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. பத்தியின் வகையைத் திருத்திய பின்பே கழித்தோம்.

இடத்தை மிச்சப்படுத்த நான் தேர்ந்திருந்த லிங்க் முறையில் பழைய தளமும் புதிய தளமும் அதே கோப்புகளைப் பகிர்வதால், புதிய தளத்தை ஒருமுறை தொடங்கிவிட்டால் பழையதை நம்பித் திறக்க முடியாது. ஆகவே முழுப் பிரதி ஒன்றை எடுத்துவைக்கத் தம் கடையின் வட்டுகளைக் கொடுத்த காரைக்குடி அண்ணனுக்கும், மின்சாரம் போன இரவில் ஜெனரேட்டரைத் தள்ளிக்கொண்டு வந்த பந்தல்காரருக்கும், நேரம் பாராமல் வெள்ளைப் பணியாரம் அனுப்பிய எதிர்வீட்டு அப்பத்தாவுக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

மாற்றம் முடிந்த மறுநாள் தேடல்கள் ஆமையாய் நகர்ந்தபோது, தேடலுக்கு வழி தேர உதவும் பழைய புள்ளிவிவரங்கள் 17-ஆம் பதிப்பு வரை கூடவே வருவதில்லை என்று தொலைபேசியில் நினைவூட்டி, அவற்றைப் புதிதாகத் திரட்டும் அனலைஸ் கட்டளையை ஓட்டச் சொன்னவரும் அதே பள்ளத்தூர்த் தம்பிதான். அப்போது அவர் பெங்களூருக்குத் திரும்பும் ரயிலில் இருந்தார்.

நன்றியுடன்,
பேரேட்டுத் தொகுப்பின் பொறுப்பாளன்,
காரைக்குடி