பந்து கையில் நின்றால்தானே ஓட்டத்துக்கு மதிப்பு

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்கக் கால்பந்தில் வைக்கிங்ஸ் அணிக்காகப் பந்தைச் சுமந்து ஓடிய ஏட்ரியன் பீட்டர்சன், பந்தை நழுவவிட்டால் என்ன, ஓடி எடுத்த யார்டுகளில் ஈடுகட்டிவிட்டாரே என்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. 2010 ஜனவரியில் நியூ ஆர்லியன்ஸில் நடந்த என்எஃப்சி (என்எஃப்எல் லீகின் இரு பிரிவுகளில் ஒன்று) இறுதியாட்டத்தையே பாருங்களேன். பீட்டர்சன் 122 யார்டு, 3 டச் டவுன் (பந்தை எதிரணியின் கோல் கோட்டுக்குக் கொண்டுசேர்த்து எடுக்கும் புள்ளி). வைக்கிங்ஸ் மொத்தம் 475 யார்டு, எதிரணி செயின்ட்ஸ் வெறும் 257. ஆனாலும் தோற்றது வைக்கிங்ஸ்தான், 31-28, ஐந்து தடவை பந்தைத் தாரைவார்த்தால் வேறென்ன நடக்கும்? முதல் பாதி முடிகிற நேரம், கோல் கோட்டுக்குப் பக்கத்தில், குவாட்டர்பேக் ஃபார்வ் (பந்தை வீசுகிறவர்) கையிலிருந்து பீட்டர்சன் கைக்கு மாறும்போதே பந்து உருண்டது. அது ஃபார்வ் கணக்கில் ஏறியது, சரி, கடைசி நேர இன்டர்செப்ஷனும் (எதிரணி பறித்த வீச்சு) அவருடையதுதான். ஆனால் அந்த 2009 சீசனில் பீட்டர்சன் ஏழு முறை நழுவவிட்டாரே.

இது திருத்த முடியாத குறையும் இல்லை. ஜயன்ட்ஸ் அணியில் இதேபோல் பந்தோடு ஓடிய டிக்கி பார்பர் 2003இல் ஒன்பது முறை நழுவவிட்டார்; அப்புறம் டாம் காஃப்லின் பயிற்சியாளராக வந்தார், பந்தை நெஞ்சுக்கு மேலே ஏற்றி இறுக்கிப் பிடிக்கப் பழகினார் பார்பர், 2005இல் 1,860 யார்டு ஓடியும் நழுவியது ஒரே முறை. பீட்டர்சனும் 2010 சீசனில் ஒன்றோடு நிறுத்திக்கொண்டார். அதை ஒரு வருடம் முன்னாலேயே செய்திருக்கக் கூடாதா?

இப்படிக்கு,
ஒரு வாசகர்